கனடா மெஷினும் கவிழ்த்து வைத்த கதிரையும்

கேள்வி: வணக்கம் அம்மா. மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தோம். மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி வைத்தோம், வீடு வீடாகப் போனோம், வெளிநாட்டு உறவுகளிடம் கேட்டோம். கையில் இப்போது 9 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா இருக்கிறது. கனடாவில் இருக்கும் என் மச்சான், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட டயலிசிஸ் மெஷின் (சிறுநீரகம் பழுதானவரின் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) ஒன்று சும்மா கிடைக்கும், கப்பல் கூலியை மட்டும் கட்டுங்கள் என்கிறார். குழுவில் பாதிப் பேர் அதற்குத் தலையாட்டுகிறார்கள். மீதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலில் வளைவு கட்டி, காசு தந்தவர்களின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்கிறார்கள். டொக்டரிடம் கேட்டால் 'எது தந்தாலும் சந்தோஷம்' என்கிறார். இதற்கிடையில் காசு எங்கே போகிறது என்று ஊரில் கதை கிளம்பிவிட்டது. பொருளாளர் நான்தான். காசு என் கணக்கில்தான் கிடக்கிறது. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற மேட்ரனின் (தலைமைத் தாதியின்) பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் முதலில் எடுக்கிறேன். காசு உங்கள் சொந்தக் கணக்கில் கிடக்கிறது என்கிறீர்கள். நீங்கள் அதில் ஒரு சதமும் தொட்டிருக்க மாட்டீர்கள் என்று நான் நம்புகிறேன். ஊர் நம்ப வேண்டுமே. நாளைக்கு உங்களுக்கு ஒன்று நடந்துவிட்டால், எது ஊர்க் காசு, எது வீட்டுக் காசு என்று வங்கிக்கு யார் போய்ச் சொல்வது? மெஷினா வளைவா என்று யோசிப்பதற்கு முன் அந்தக் காசை அங்கிருந்து எடுங்கள்.

புதிதாக ஒரு சங்கம் பதியலாம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கென்றே இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஆனால் ஒரே ஒரு வேலைக்காகச் சேர்ந்த குழு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். உங்கள் ஊரில் ஏற்கெனவே பதிந்த கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கும். ஆஸ்பத்திரிக்கென்றே அபிவிருத்திக் குழு இருந்தால் இன்னும் நல்லது. அதன் பெயரில், இந்த வேலைக்கு மட்டும் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, மூன்று பேரில் எந்த இருவர் கையெழுத்துப் போட்டாலும் காசு எடுக்கலாம் என்று வையுங்கள். மூவரும் ஒரே தெருக்காரராக இருக்க வேண்டாம். கோயிலில் ஒருவர், பள்ளிவாசலில் ஒருவர், தேவாலயத்தில் ஒருவர் என்று உங்களுக்குத்தான் வசதியாக அமைந்திருக்கிறதே.

ஊர்க் கதையை வாயால் அடைக்கப் போகாதீர்கள். வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதி, அந்த மூன்று இடத்திலும் ஆஸ்பத்திரி ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) சுவரிலும் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை பழையதைக் கிழித்துப் புதியதை ஒட்டுங்கள். கிரிக்கெட் கிண்ணம் வாங்கிய காசு, ஸ்பீக்கர் கட்டியவருக்குக் கொடுத்தது, நடுவர்களின் சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நான் பார்த்த அளவில் ஆட்கள் இலட்சக் கணக்கில் சந்தேகப்படுவது குறைவு. அந்தப் பார்சல் யார் காசில் வந்தது என்பதில்தான் சண்டை தொடங்கும். அப்புறம், இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்லாமல் இனி ஒரு ரூபாவும் வாங்காதீர்கள்.

சரி, இனி மெஷினுக்கு வருகிறேன்.

டயலிசிஸ் மெஷினைப் பலரும் ஃப்ரிட்ஜ் மாதிரி நினைக்கிறார்கள். கொண்டு வந்து வைத்து பிளக்கைச் சொருகினால் ஓடும் என்று. ஒரு நோயாளியை ஒரு தடவை மெஷினில் போட்டால் ஏறக்குறைய 4 மணித்தியாலம் எடுக்கும். நிமிடத்துக்கு அரை லீற்றர் கணக்கில் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓர் ஆளுக்கு ஒரு தடவைக்கு 120 லீற்றர். அந்தத் திரவத்தைக் கிணற்றுத் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ கலக்க முடியாது. மெல்லிய சவ்வு ஒன்றுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நோயாளியின் இரத்தம். ஆகவே தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்புத் தொகுதி வேண்டும், அந்தத் தண்ணீரைத் தவணை தவறாமல் சோதிக்க வேண்டும். தடவைக்குத் தடவை வடிகட்டி, இரத்தம் ஓடும் குழாய்கள், ஊசி, கரைசல் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். பயிற்சி எடுத்த தாதி வேண்டும், பொறுப்பேற்கும் நிபுணர் வேண்டும். ஒரு பிரதேச வைத்தியசாலையின் ஆளணியில் இவர்களுக்குப் பொதுவாக இடம் கிடையாது. உங்கள் 9 இலட்சத்தில் மெஷினை இறக்கலாம். ஓட்ட முடியாது.

கரண்டும் ஒத்து வராது. கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நமக்கு 230, 50. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கொரோனா காலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு, பெயர் வேண்டாம், கடல் கடந்து, காற்றிலிருந்து ஒக்சிசனைப் பிரித்துத் தரும் ஒக்சிசன் கொன்சன்ட்ரேட்டர் இரண்டு வந்தது. சிவப்பு ரிப்பன் கட்டி, படம் எடுத்து, கைதட்டி வாங்கினோம். அன்றிரவு டியூட்டியில் இருந்த பிள்ளை, பின் சுவர் பிளக்கில் பொருந்தவில்லை என்று கடையில் வாங்கிய அடப்டரைப் போட்டுச் சொருகினாள். அடப்டர் பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தையும் யாரோ எங்கோ வைத்துவிட்டார்கள். நல்ல காலம், நோயாளிக்கு மாட்டுவதற்கு முன்பே புகை வந்துவிட்டது. விடியும் வரை வார்டில் எரிந்த பிளாஸ்டிக் மணம். மற்ற மெஷினை அதன் பிறகு ஒருவரும் தொடவில்லை. நான் ஓய்வுபெற்று வரும்போதும் அது ஸ்டோரில் ரிப்பனோடு நின்றது.

நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை இது. சில நாடுகளில் நன்கொடையாகப் போகும் மருத்துவக் கருவிகளில் 10 முதல் 30 சதவீதம்தான் உண்மையில் வேலைக்கு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

உங்கள் மச்சானுக்கு ஏன் சிறுநீரகம் ஞாபகம் வந்தது என்று எனக்குப் புரிகிறது. நம் மாவட்டத்திலேயே பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பம் அல்லற்படுகிறது என்று தெரியும். உங்கள் ஊரிலும் டயலிசிஸுக்குப் போய் வருபவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்களைப் போய்ப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை. போய் வரத்தான் காசு வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாகனக் கூலி, கூடப் போகிறவரின் கூலி நாளும் போச்சு. லோஞ்சில் குடாவைக் கடந்து திருகோணமலை நகரத்துக்குப் போன காலத்தோடு பார்த்தால் இப்போது பாலங்கள் இருப்பது பெரிய ஆறுதல்தான். அதற்காக டயலிசிஸ் முடிந்து சோர்ந்த உடம்போடு பஸ்ஸில் நின்று வர முடியுமா? சிறுநீரக நோயாளிக்கே உதவ வேண்டும் என்று குழு பிடிவாதமாக நின்றால், ஊரில் ஓர் ஓட்டோக்காரருடன் மாத ஒப்பந்தம் பேசுங்கள். மச்சான் மாதாமாதம் அதற்கு அனுப்பட்டும். மெஷின் அனுப்புவதை விட அது அவருக்கும் சுகம்.

டொக்டர் 'எது தந்தாலும் சந்தோஷம்' என்றதற்கு அவரைக் குறை சொல்ல வேண்டாம். கல்யாண மாப்பிள்ளையிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? வார்டுக்குப் பொறுப்பான தாதியிடம் போங்கள். அவரிடமும் 'என்ன வேண்டும்' என்று கேட்காதீர்கள். அவரும் பெரிய மெஷின் பெயர் ஒன்றைத்தான் சொல்வார். 'நேற்று இரவு எது இல்லாமல் கஷ்டப்பட்டீர்கள்' என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இழுப்போடு வரும் வயோதிபர் ஒருவரைப் படுக்க வைக்க முடியாது, படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். உயர்த்தும் கைபிடி எப்போதோ கழன்று போயிருக்கும். அப்போது நாங்கள் ஒரு மரக்கதிரையைக் கொண்டு வந்து கட்டில் தலைமாட்டில் கவிழ்த்து வைப்போம். கால்கள் பின்னுக்கு நிற்கும், முதுகுப் பலகை சரிவாக அமையும். அதன் மேல் இரண்டு தலையணை வைத்து ஐயாவைச் சாய்த்து உட்கார்த்துவோம். தாதியர் பள்ளியில் படித்த உபாயம் அது. அன்று முதல் ஓய்வு பெறும் வரை எத்தனை இரவு அப்படிச் செய்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆஸ்பத்திரிக்குக் கதிரை வாங்கித் தருகிறோம் என்று ஒருமுறை வந்தவர்களிடம், பிளாஸ்டிக் வேண்டாம், மரத்தில் தாருங்கள் என்றேன். மேட்ரனுக்கு அந்தஸ்து தேவைப்படுகிறது என்று அவர்கள் வெளியே போய்ச் சிரித்தார்களாம்.

இப்படித்தான் தேவைகள் இருக்கும். சேலைன் ஸ்டாண்டின் சில்லு உடைந்து, போத்தலை ஜன்னல் கம்பியில் பண்டேஜ் துணியால் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். நோயாளி திரும்பிப் படுத்தால் குழாய் இழுபடும். நம் கரையோரத்தில் இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? உப்புக் காற்றில், பெயின்ட் அடித்த இரும்பு ஸ்டாண்டும் கட்டிலும் கொஞ்ச நாளில் பொருக்கு விட்டுவிடும். கொழும்பில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். காசு கூடினாலும் துருப்பிடிக்காத ஸ்டீலில் வாங்குங்கள். பத்து வாங்க நினைத்தால் ஆறு வாங்குங்கள், பரவாயில்லை.

அலுமாரிக்கு மேலே பொலித்தீன் சுற்றி வைத்த, நோயாளியின் நாடியும் பிரஷரும் காட்டும் மொனிட்டர் ஒன்றிரண்டு அனேகமாக எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும். பழுது என்பார்கள். என்ன பழுது என்று கேளுங்கள். பல நேரம் மெஷினில் ஒரு குறையும் இராது. விரலில் மாட்டும் ஒக்சிசன் புரோப்பின் வயர் அறுந்திருக்கும், அல்லது பட்டரி செத்திருக்கும், அல்லது கையில் சுற்றும் பிரஷர் பட்டி கிழிந்திருக்கும். அந்த உதிரிகளை மொடல் இலக்கம் பார்த்து வாங்கிக் கொடுத்தால், புது மொனிட்டர் விலையில் ஒரு துளிக்கு இரண்டு மூன்று மெஷின் உயிர் பெறும். பிரஷர் பட்டி வாங்கும்போது சிறுவருக்கு, பெரியவருக்கு, பருத்த கை உள்ளவருக்கு என்று மூன்று அளவில் வாங்குங்கள். பருத்த கையில் சின்னப் பட்டியைக் கட்டினால் பிரஷர் இருப்பதை விடக் கூடக் காட்டும், இல்லாத வருத்தத்துக்கு மருந்து எழுதப்படும்.

கழிவறைக்கும் போய்ப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். முழங்கால் வருத்தக்காரரும் பிள்ளை பெற்ற தாயும் பிடித்து எழும்ப ஒரு கம்பி இருக்கிறதா? ஈரத்தில் வழுக்குகிறதா? இரவில் லைட் எரிகிறதா? கூடவே ஓ.பி.டி. வாசலையும் காலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் காத்திருப்பார்கள். ஒரு கொட்டகை போடலாம், நல்ல விஷயம். ஆனால் போடுகிறவரிடம் காற்றுப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும். மாரியில் வாடைக்காற்றோடு மழை பக்கவாட்டில் வரும். இரண்டையும் மறைக்காத கூரை வெய்யிலுக்கும் உதவாது, மழைக்கும் உதவாது.

இரண்டு காரியத்தில் கை வைக்க வேண்டாம் என்பேன். ஒன்று மருந்து. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டிலிருந்து சூட்கேஸ் சூட்கேஸாக வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மனது நல்லதுதான். ஆனால் மருந்தென்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதி என்று ஒன்று இருக்கிறது. நன்கொடை மருந்து வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இதையெல்லாம் பார்ப்பது உங்கள் குழுவின் வேலை இல்லை. மற்றது கட்டடம். சுவர் எழுப்பிவிடலாம், தாதியும் சிற்றூழியரும் சுவரோடு சேர்ந்து வர மாட்டார்கள். திறப்பு விழா முடிந்து பூட்டுப் போட்ட கட்டடத்தில் வௌவால் குடியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எதை வாங்குவதென்று முடிவானதும் முதலில் ஆஸ்பத்திரியிடமிருந்து எழுத்தில் ஒரு கோரிக்கைக் கடிதம் வாங்குங்கள். பொருள், எண்ணிக்கை, தரம் எல்லாம் அதில் இருக்கட்டும். மின்சாரத்தில் ஓடும் கருவியென்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்துக்கு டொக்டர் வழியாக எழுதி, சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவு ஏற்றுக்கொள்ளும் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாமதமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையளிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். படம் எடுப்பதற்கு முன்னால் அந்தப் பொருள் ஆஸ்பத்திரியின் இன்வென்டரி (பொருட்பதிவு) புத்தகத்தில் பதியப்பட்டதா என்று பாருங்கள், பதிந்த இலக்கத்தை உங்கள் கோப்பில் எழுதுங்கள். புத்தகத்தில் ஏறாத பொருள் அரசாங்கத்தின் கண்ணில் இல்லாத பொருள். பழுதானால் திருத்தக் காசு ஒதுக்க முடியாது, காணாமல் போனால் தேட ஆளில்லை, வருட முடிவில் பொருட்கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் 'இது யாருடையது' என்று கேட்டால் நாங்கள் திருதிருவென்று முழிப்போம். முழித்திருக்கிறேன்.

காசைப் பிரிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். 9 இலட்சத்து 40 ஆயிரத்தில் 3 இலட்சத்தைத் தொடாதீர்கள். நிரந்தர வைப்பில் போட்டுவிடுங்கள். வயர் அறும், பட்டரி சாகும், சில்லு உடையும். வாங்கிக் கொடுத்த வருடத்தில் இல்லை, அடுத்த வருடத்தில். அப்போது உங்கள் குழு கலைந்து போயிருக்கும், கிரிக்கெட் ஆடிய பெடியன்கள் கட்டாருக்குப் போயிருப்பார்கள். இந்த 3 இலட்சம் அப்போது பேசும். குழுவில் இதைச் சொன்னால் 'ஊர்க் காசை முடக்குகிறான்' என்று ஒருவர் கட்டாயம் எழும்புவார். அவரையே கையெழுத்துப் போடும் மூவரில் ஒருவராக்கிவிடுங்கள்.

வளைவுக்கும் வருகிறேன். பெயர் வேண்டும் என்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். உழைத்த காசு, தகப்பன் பெயரில் ஏதாவது இருக்க வேண்டும் என்று பிள்ளை நினைப்பது தப்பா? கட்டிலின் கால்மாட்டில் சின்னத் தகடு ஒன்றில் எழுதலாம். கொட்டகைத் தூணில் எழுதலாம். வளைவில் ஏறும் பெயரைப் பஸ்ஸில் போகிறவர்கள்தான் வாசிப்பார்கள். கட்டிலில் இருந்தால் அதில் படுத்து எழும்பியவர் வாசிப்பார். குழுவில் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

இனி மேலும் காசு கேட்கப் போகும்போது 'ஆஸ்பத்திரிக்கு உதவி' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 2011இல் 'ட்ரெயில்' என்று பெயர் வைத்து, நாட்டின் தென்கோடியில் தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியில் பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து காசு சேர்த்தார்களே, அது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு. 2016இல் திசையை மாற்றிப் பருத்தித்துறையிலிருந்து நடந்தார்கள், அது காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்கு. எங்கே, எதற்கு என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. 'ஆண்கள் வார்டில் தலைமாடு உயரும் கட்டில் நான்கு' என்று நீங்கள் கேட்டால், டொரொன்டோவில் இருப்பவருக்கும் கண்ணுக்குத் தெரியும். கொடுத்த பிறகு அந்தக் கட்டிலைப் படம் எடுத்து அனுப்புங்கள். கட்டிலை மட்டும். அதில் படுத்திருப்பவரை எடுக்காதீர்கள். நோயாளியின் முகத்தை முகநூலில் போட்டுக் காசு கேட்பது எனக்குப் பிடிக்காத ஒரு காரியம். அவர் சம்மதம் தந்தார் என்பார்கள். கையில் சேலைன் ஏறும்போது யார்தான் மாட்டேன் என்பார்கள்?

மச்சானிடம் மறுப்புச் சொல்வது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு வழி இருக்கிறது. மெஷின் எந்த வருடத்தில் செய்தது, மொடல் என்ன, எத்தனை வோல்ட், எத்தனை மணித்தியாலம் ஓடியது, அதற்கு இன்னும் உதிரிப்பாகம் செய்கிறார்களா, இலங்கையில் ஏஜென்ட் இருக்கிறாரா, ஏன் கழித்தார்கள் என்று மரியாதையாக எழுதிக் கேளுங்கள். இவ்வளவுக்கும் பதில் தேட அவருக்கு இரண்டு மாதம் பிடிக்கும். அதற்குள் அவரே சலித்துவிடுவார். அப்போது கப்பல் கூலி என்ன வரும் என்று கேட்டு, அந்தக் கணக்கில் ஓட்டோ காசுக்கு உதவ முடியுமா என்று பேச்சைத் திருப்புங்கள்.

ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போங்கள். காலையில் வார்ட் ரவுண்ட் நேரத்தில் போகாதீர்கள், திட்டு விழும். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு, நான்கைந்து பேராக இல்லாமல் ஒருவரோ இருவரோ போங்கள். ஒரு கொப்பியும் அளவு நாடாவும் கொண்டு போங்கள். கட்டில்களை எண்ணும்போது, தலைமாட்டில் கதிரை கவிழ்த்து வைத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.